கொத்துக்கு நாலரை, கதவுக்கு நாலு: எங்கள் தெரு முனைப் பாட்டுக் கடை

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், பாதிப்பேர் அதற்காகத்தான் வாசிப்பீர்கள். லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கம் ஆட்டிறைச்சிக் கொத்து சாப்பிட வேண்டுமென்றால் இப்போதைக்கு நான் கைகாட்டுவது எங்கள் தெரு முனையில் இருக்கும் கடையைத்தான். ரொட்டியை அங்கேயே அடித்துப் போடுகிறார்கள். கறிக் குழம்பு கடைசியில் ஊற்றுவதால் ரொட்டி ஊறிக் களியாகிப் போவதில்லை, விளிம்பில் மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும். கறிவேப்பிலையும் லீக்ஸும் அடங்கின அளவில். இறைச்சி எலும்போடு வரும். எலும்பில்லாமல் வேண்டும் என்றால் சொல்லிக் கேட்க வேண்டும், முகம் சுளிக்காமல் தருவார்கள். ஐந்துக்கு நாலரை.

இடியப்பமும் சொதியும் சுமார். சொதியில் தேங்காய்ப்பால் முதற்பால் மாதிரித் தெரியவில்லை, தேசிக்காய் மட்டும் தூக்கலாக இருக்கிறது. கணவாய்ப் பொரியலை எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நண்டுக்கறி எட்டு மணிக்குள் முடிந்துவிடும், முதலே போனில் சொல்லி வைக்கலாம்.

கடையின் பெயரைப் போடவில்லை. நான் வாடிக்கையாளன் மட்டுமில்லை, அயலவனும். அந்தக் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று கவுன்சில் கேட்டபோது எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவன். நான் பஸ் ஓட்டுகிறேன். ஏர்லி ஷிஃப்ட் கிழமைகளில் விடிய நாலு மணிக்கு முன்னம் எழும்ப வேண்டும். என் படுக்கையறை யன்னலுக்கும் அவர்களின் குசினிக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒழுங்கையும் இரண்டு மதிலும்தான். ஆகவே என் விமர்சனம் மேசையில் இருந்தும் எழுதியது, கட்டிலில் இருந்தும் எழுதியது.

ஹை ஸ்ட்ரீட் நோர்த் தெரிந்தவர்களுக்கு அமைப்பு விளங்கும். முன்னால் பஸ், கடைகள், சனம். அதற்கு மேலே மாடி வீடுகள். பக்கத்துத் தெருவில் திரும்பினால் ஒட்டு ஒட்டாக விக்டோரியா காலத்து வீடுகள், ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்கு. இந்த இடம் முன்பு சேலைக் கடை. ஆறு மணிக்குப் பூட்டினால் விடிய மட்டும் மூச்சுக் காட்டாது. அதைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றப்போகிறார்கள் என்றதும் தெருவில் பலர் 'பிளானிங் அனுமதி எடுத்தார்களா' என்றுதான் முதலில் கேட்டார்கள். தேவையே இல்லை. 2020 செப்டம்பரில் இருந்து இங்கிலாந்தில் துணிக்கடையும் உணவகமும் ஒரே வகுப்பு, 'கிளாஸ் ஈ'. அந்த வகுப்புக்குள் ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் புகை போகும் பெரிய குழாய்க்கு மட்டும் தனியாக அனுமதி எடுத்தார்கள்.

மதுபானமும் பாட்டும் என்று வரும்போதுதான் அயலவனுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கிறது. கடைக் கண்ணாடியில் லைசென்ஸ் விண்ணப்ப அறிவித்தலாக வெளிர்நீலத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. இந்த நாட்டில் அந்த நிறத் தாளைக் கண்டால் நின்று வாசியுங்கள். 28 நாள் அது அங்கே இருக்க வேண்டும், அந்த 28 நாளுக்குள் எழுதினால்தான் எண்ணுவார்கள். இவர்கள் கேட்டிருந்தது: வெள்ளி சனியில் இரவு 12 மணி வரைக்கும் மதுபானம், 12 வரைக்கும் நேரடி இசை, பன்னிரண்டரை வரைக்கும் சூடான சாப்பாடு. கொத்து ரொட்டிக்கு லைசென்ஸா என்று சிரிக்க வேண்டாம். இரவு 11 மணியில் இருந்து விடிய 5 வரை சூடான சாப்பாடோ தேத்தண்ணீரோ விற்பதற்கே இங்கே அனுமதி வேண்டும்.

தெருவில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு எங்கள் ஆட்கள் கடை போடுவதே சந்தோசம், வாய் திறக்கக் கூடாது. மற்றக் கட்சி ஒரேயடியாக 'வேண்டாம்' என்றது. கார் நிற்பாட்ட இடமில்லை, வீட்டு விலை விழும், ஏற்கெனவே எத்தனை தமிழ்க் கடை என்று தாள் தாளாக எழுதினார்கள். பாவம், அவ்வளவும் வீண். 2003-ஆம் ஆண்டு லைசென்ஸ் சட்டத்தில், முடிவெடுக்கும் கவுன்சில் உபகுழு பார்க்கக்கூடியது நாலே விடயம்: குற்றமும் ஒழுங்கீனமும் வராமல் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லை வராமல் தடுப்பது, பிள்ளைகளுக்குத் தீங்கு வராமல் காப்பது. வீட்டு விலையும் இன்னொரு கடை தேவையா என்பதும் அதற்குள் வராது. எழுதுகிறவர் 'தொல்லை' என்ற இடத்தில் நிற்க வேண்டும். எந்த நேரம், எந்தப் பக்கத்தில் இருந்து, எந்தச் சத்தம் என்று சொல்ல வேண்டும்.

அடுத்ததுதான் பலருக்குத் தெரியாதது, எனக்கும் லைசென்ஸ் அதிகாரி ஒருவர் போனில் சொல்லித்தான் தெரியும். மதுபானம் வாங்கி அங்கேயே குடிக்க அனுமதி உள்ள ஒரு இடத்தில் காலை 8 மணியில் இருந்து இரவு 11 மணி வரைக்கும், 500 பேருக்கு மேற்படாமல் நேரடி இசை நடத்துவதற்கு லைசென்ஸே வேண்டாம். 2012 ஒக்டோபரில் இந்தச் சலுகை வந்தபோது 200 பேர் என்று இருந்தது, 2015 ஏப்ரலில் 500 ஆக்கினார்கள். எங்கள் கடையில் கதிரை போட்டால் அறுபது பேர். ஆக, தெரு முழுக்கச் சேர்ந்து 'பாட்டு வேண்டாம்' என்று எழுதினாலும் 11 மணிக்கு முந்திய பாட்டை அந்த விண்ணப்பத்தில் வைத்து நிற்பாட்ட முடியாது. அது மட்டுமில்லை. 'நேரடி இசை நடக்கும்போது கதவும் யன்னலும் பூட்டியிருக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை போட்டால், இசையோடு கட்டப்பட்ட நிபந்தனை என்பதால் 11 மணி வரைக்கும் அது செல்லாமல் கிடக்கும். எழுதி வைத்தும் பிரயோசனம் இல்லை.

அதே விடயத்தை 'இரவு 9 மணிக்குப் பிறகு, ஆட்கள் வந்துபோகும் நேரம் தவிர, கதவுகளும் யன்னல்களும் பூட்டியிருக்க வேண்டும்' என்று எழுதினால்? பாட்டு என்ற சொல்லே இல்லை. பாட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பூட்ட வேண்டும். அது செல்லும். நான் கொடுத்த கடிதத்தில் பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லாததற்கு இதுதான் காரணம். கதவு, பின்முற்றம், போத்தல் கொட்டும் நேரம், சிகரெட் பிடிக்க வெளியே நிற்பவர்கள், கடை விட்டு வெளியேறும் சனம்: இவ்வளவுதான் எழுதினேன். மற்றக் கட்சிக்காரர் ஒருவர் என்னை 'கடைக்காரனின் ஆள்' என்றே முடிவு கட்டிவிட்டார். இப்போதும் கண்டால் தலையை மற்றப் பக்கம் திருப்புவார்.

விசாரணைக்கு முன்னம் கவுன்சிலின் சத்தத் தொல்லைப் பகுதியில் இருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். கடையில் கீபோர்ட், ஒக்டபாட் (கம்பால் அடிக்கும் மின்னணு மேளத் தட்டு), ஒரு பாடகர் வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, மேல்வீட்டில் கொஞ்ச நேரம், என் பின்னறையில் கொஞ்ச நேரம் நின்றார். யன்னலைத் திறந்தும் கேட்டார், பூட்டியும் கேட்டார். எனக்குப் பாடகரின் குரல் கேட்கவே இல்லை. கீபோர்டும் இல்லை. ஒக்டபாடின் 'டும்' மட்டும் வந்தது. மேல்வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் தம்பதிக்கு அது தரையால் கட்டில் கால் வரைக்கும் ஏறியது. தாழ்ந்த சுருதிச் சத்தம் காற்றால் வருவதை விடச் சுவராலும் தரையாலும் வருவது கூட, சாதாரண மீற்றரின் எண்ணிலும் அது குறைவாகத்தான் தெரியும் என்று அந்த அதிகாரி சொன்னார். எண்ணைப் பார்த்து 'சட்டத்துக்குள் இருக்கு' என்று விடாமல், காதாலும் கையாலும் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததை நான் கண்டேன்.

தீர்வு பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் இரண்டும் பொதுச் சுவரில் மாட்டியிருந்தன. அவற்றைக் கழற்றி, றப்பர் தட்டு வைத்த ஸ்ராண்டில், சுவரில் இருந்து தள்ளி வைத்தார்கள். தாழ்ந்த சத்தத்துக்கான சப்வூஃபர் பெட்டியை எடுத்துவிட்டார்கள். ஒக்டபாடின் கிக்கை, அந்த 'டும்' சத்தத்தை, குறைத்தார்கள். திரும்ப வாசித்தபோது மேல்வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டபடி தலையாட்டினார். பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டுக்கு சப்வூஃபர் இல்லாவிட்டால் எடுக்காது என்று கீபோர்ட் தம்பிக்கு மட்டும் இன்னும் குறை. அதில் அவர் சொல்வது சரிதான், என்ன செய்வது.

உபகுழு என்றால் மூன்று கவுன்சிலர்கள். விண்ணப்பக்காரரின் வழக்கறிஞர் கதைத்தார், அதிகாரி கதைத்தார், நாங்கள் கதைத்தோம். ஒருவர் என்னிடம் 'இவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா கூடாதா, நேராகச் சொல்லுங்கள்' என்று கேட்டார். கொடுங்கள், 12 மணிக்கு மட்டும் வேண்டாம் என்றேன். கடைசியில் வெள்ளி சனியில் மதுபானம் 11 வரை, மற்ற நாட்களில் பத்தரை. சாப்பாடு பதினொன்றரை வரை. 11-க்குப் பிறகு இசை இல்லை. 9 மணிக் கதவு நிபந்தனை அப்படியே வந்தது. பின்முற்றத்தில் 9-க்குப் பிறகு யாரும் இருக்கக் கூடாது. முன்னால் சிகரெட்டுக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர். போத்தல்களை இரவு 10 முதல் காலை 8 வரை வெளியே கொட்டக் கூடாது. அயலவருக்கு ஒரு போன் நம்பர், கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் யாராவது எடுக்க வேண்டும். பாட்டைப் பத்தரைக்கே முடிப்போம் என்று முதலாளி அங்கேயே சொன்னார். அது நிபந்தனை இல்லை, வாய்ச்சொல்.

முடிந்து வந்தபோது முதலாளி தெருவில் மறித்தார். "அண்ணை, பாட்டை நிப்பாட்டச் சொல்லுறியளோ எண்டு பயந்துபோய் இருந்தனான்."

"பாட்டு இருக்கட்டும் தம்பி. கதவைச் சாத்தினாக் காணும்."

சரி, திறந்து இவ்வளவு காலத்தில் சொன்னபடி நடக்கிறார்களா? அநேகமாக ஆம். 9 மணிக்கு ஒரு பையன் கதவடியில் வந்து நிற்பான். உள்ளே வருபவருக்குத் திறந்து, உடனே சாத்துவான். கோடை காலத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும்போதும் சாத்துகிறான். அதற்காக ஏசி போட்டார்கள், அந்தக் காசு கொத்தின் விலையில் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். போத்தல் காலையில்தான் கொட்டுகிறார்கள். கண்ணாடிப் போத்தல் தொட்டியில் விழும் சத்தத்தை நள்ளிரவில் கேட்டவர்களுக்குத் தெரியும், அதன் முன்னால் எந்தப் பாடகரும் தூசு.

வெளியேறும் சனம்தான் பலவீனம். எங்கள் ஆட்கள் கடைக்குள் இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்து முடியாததைக் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கதைப்பார்கள். 'அப்ப வாறன்' என்று சொன்ன பிறகு அரை மணித்தியாலம். அமைதியாகப் போகவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதற்குக் கீழேயே நின்று கதைக்கிறார்கள். கதவடிப் பையன் தன்னால் முடிந்தவரை "அக்கா, கொஞ்சம் அங்கால தள்ளி நிண்டு கதையுங்கோ" என்கிறான். அந்த அக்காக்கள் கேட்டால்தானே. கதவுக்கு ஐந்து கொடுக்காமல் நாலு கொடுத்தது இதனால்தான்.

ஒருமுறை ஐம்பதாவது பிறந்தநாள் ஒன்று. கேக் வெட்டுவது பிந்தி, பாட்டு 11-ஐத் தாண்டிவிட்டது. போன் நம்பருக்கு அடித்தேன், முதலாளியே எடுத்தார், இரண்டு நிமிடத்தில் நின்றது. அடுத்த நாள் மாமிக்கு வட்டிலப்பம் வந்தது, நான் வேண்டாம் என்றேன், மாமி வாங்கிவிட்டா. (என் மனைவியின் தாயார் இந்தக் கடையின் பெரிய ரசிகை. பின்யன்னலைத் திறந்து வைத்தால் பழைய பாட்டுகள் கேட்கும் என்று முதலில் ஆசையாக இருந்தா. இப்போது கதவு சாத்துவதால் ஒன்றும் கேட்பதில்லை என்று என்னில்தான் கோபம்.)

இது போல அடிக்கடி நடந்தால் என்ன செய்யலாம் என்பதும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. லைசென்ஸ் கொடுத்தால் முடிந்தது என்று இல்லை. அயலவர் யாரும் எப்போதும் மறுபரிசீலனை கேட்கலாம், அப்போது உபகுழு நினைத்தால் 11 மணிக்கு முந்திய இசைக்கும் நிபந்தனை போடலாம். முதல் விண்ணப்பத்தில் இல்லாத பல் அங்கே இருக்கிறது. அதனால்தான் வாய்ச்சொல்லை முதலாளி இவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறார் என்பது என் கணிப்பு. இது தவிர 1990-ஆம் ஆண்டுச் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தில் தொல்லை என்று கவுன்சிலுக்குத் தெரிந்தால் நிறுத்தச் சொல்லி அறிவித்தல் கொடுக்கலாம்.

இனி யாருமே யோசிக்காத சத்தம். கொத்து. இரண்டு இரும்புத் தகடும் ஒரு தட்டைக் கல்லும். டக்கு டக்கு டக்கு டக்கு என்று ஒரு ஓடருக்கு இரண்டு மூன்று நிமிடம், வெள்ளி இரவில் ஓடருக்கு மேல் ஓடர். விண்ணப்பத்தில் அது இல்லை, எதிர்ப்புக் கடிதங்களிலும் இல்லை. சமைப்பது இசையாகாது. முதல் இரண்டு கிழமையும் பின்குசினியில் இருந்து அது என் யன்னலுக்கு நேரே வந்தது, பாட்டு வரவில்லை. என் மனைவி சிரித்துச் சிரித்தே களைத்துவிட்டாள்: இவ்வளவு சட்டம் படித்து இதற்கா.

இதற்கு முதலாளி செய்ததுதான் இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கொத்துக் கல்லை முன்பக்கம், தெருக் கண்ணாடியோடு கொண்டுவந்து வைத்தார், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடை வாசலில் வைப்பது போல. புகை இழுக்கும் மேல்கூடும் அதற்கு ஏற்றபடி போட்டார். சத்தம் இப்போது ஹை ஸ்ட்ரீட் பக்கம், பஸ்களுக்கு நடுவில் போகிறது. போகிற வருகிறவர்கள் கண்ணாடியால் பார்த்துவிட்டு உள்ளே வருகிறார்கள், அவருக்கு வியாபாரமும் கூடிவிட்டது. கொத்துப் போடுகிற தம்பி தாளம் மாற்றி மாற்றி அடிப்பான். ஒக்டபாட் குறைந்த குறையை அவன்தான் தீர்க்கிறான் என்று சொல்லலாம்.

போகிறவர்களுக்கு: பாட்டு வெள்ளியும் சனியும் ஏழரைக்குத் தொடங்கும், நடுவில் இரண்டு இடைவேளை. ஸ்பீக்கருக்குப் பக்கத்து இரண்டு மேசையையும் எடுத்தால் எதிரில் இருப்பவர் கதைப்பது கேட்காது. உள்பக்கச் சுவரோரம் கேளுங்கள். பிள்ளைகளோடு போனால் எட்டு மணிக்கு முன்னம் போவது வசதி. பாடகர் எண்பதுகளின் மெல்லிசையில் திறம், புதுப் பாட்டுகளில் கரோக்கி ட்ராக் அவரை இழுத்துக்கொண்டு ஓடும். கேட்டால் ஒரு பைலா கட்டாயம். கார் கொண்டு போகாதீர்கள், ஈஸ்ட்ஹாம் ஸ்டேசன் கிட்டத்தான். கொண்டு போனாலும் பக்கத்துத் தெருவுக்குள் விடாதீர்கள், அங்கே நான் படுத்திருப்பேன்.

இப்போது கண்ணாடியில் புதிதாக ஒரு தாள். நடைபாதையில் நாலு மேசை போட அனுமதி கேட்டிருக்கிறார்கள். இது வேறு லைசென்ஸ், கருத்துச் சொல்ல 14 நாள்தான், கொடுத்தால் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு. நான் எழுதப் போவது: மேசை சரி, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போக இடம் விட்டுப் போடுங்கள். 9 மணிக்கு உள்ளே எடுங்கள். வெளியே ஸ்பீக்கர் வேண்டாம். மாமி தானும் தனியாக ஒரு கடிதம் எழுதப்போகிறாவாம், ஸ்பீக்கர் வேண்டும் என்று.